தானாக விழும் பனி

மேசையின் கீழ் இழுப்பறையிலிருந்து உன் கையுறைகளை இன்று காலை எடுத்து வெளியே வைத்தேன். நீ வாங்கி வந்த அன்று இருந்தபடியே இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்த பிளாஸ்டிக் நூலைக்கூட யாரும் அறுக்கவில்லை. முகர்ந்து பார்த்தேன். கடையின் ரப்பர் வாசனைக்கு அடியில், உன் ஜாக்கெட்டில் எப்போதும் அடிக்குமே, ஈரக் கம்பளியும் கம்ப்ரஸர் எண்ணெயும் கலந்த வாசனை, அது லேசாக இருந்தது. நீ ஒரு தடவைகூடப் போடாத கையுறையில் அந்த வாசனை எப்படி வரும் என்று கேட்காதே. எனக்கும் தெரியாது.

ஆபீஸைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். துபாய் அல் கூஸில் நம் தெருவில் மூடப்படும் மூன்றாவது ஆபீஸ் இது. சைட் எல்லாம் நின்றுவிட்டது, பாதி எழும்பிய கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன, புது ஏ.சி.யும், பெரிய குளிர்விப்பு இயந்திரமான சில்லரும் யாருக்கு வேண்டும்? மேனேஜர் போன வாரமே ‘கலாஸ்’, எல்லாம் முடிந்தது என்று கையைத் தட்டி உதறிக் காட்டிவிட்டார். ஒரு காலத்தில் நூற்றுக்கு மேல் தொழிலாளர் பாஸ்போர்ட் அடுக்கி வைத்திருந்த லாக்கரில் இன்று பதினொன்றுதான் இருக்கிறது. அதில் ஒன்று என்னுடையது. நாளை மறுநாள் அதை எடுத்துக்கொண்டு நானும் கிளம்புகிறேன், திரும்பி வரும் எண்ணம் இல்லை.

உன்னைப் பற்றி எழுத வேண்டும் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதாததற்கு நேரமில்லை என்று காரணம் சொல்லிக்கொண்டேன். பொய். பயம்தான்.

முதலில் நீ என் மேசைக்கு வந்தது ஒரு ஜூலை மாதக் காலையில். வெளியே நின்றால் செருப்பு தார்ச்சாலையில் ஒட்டும் வெயில். நீயோ முழங்கால் வரை தொங்கும் நீல ஜாக்கெட்டோடு உள்ளே வந்தாய், மூக்குக் கண்ணாடி முழுக்க நீராவி. மாலுக்குள் பனிமலை கட்டியிருந்தார்களே, அதற்குக் குளிர் கொடுக்கும் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை நம் கம்பெனிக்கு வந்திருந்தது, அந்த டீமில் நீ. டூட்டி முடித்து நேராக வந்து, கையிலிருந்த டீ பிளாஸ்கைத் திறந்து என் மேசை மேல் கவிழ்த்தாய்.

“இந்தாரும் ஐசே, டுபாய் ஸ்னோ. சுடச்சுட.”

என் லீவு ஃபைல் எல்லாம் நனைந்துபோனது. நான் கத்தினேன். நீ சிரித்தாய். அறந்தாங்கிக்காரனான எனக்கும் யாழ்ப்பாணத்துக்காரனான உனக்கும் நட்பு அப்படித் தண்ணீர் துடைப்பதில்தான் ஆரம்பித்தது. நீ என்னைவிட ஒரே ஒரு வயது மூத்தவன். அந்த ஒரு வயதுக்காக ஒரு நாளும் மரியாதை கேட்டதில்லை, நானும் கொடுத்ததில்லை.

புது கம்ப்ரஸரை ஓட்டிக் காட்ட ஜப்பானிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். பத்து நாள் உன்னோடுதான் இருந்தார். போகும்போது உனக்கு ஒரு காலண்டர் கொடுத்துவிட்டுப் போனார். ஜனவரி மாதப் படத்தில் ஒரு மலைக் கிராமம், கூரைகள் மேல் ஆள் உயரத்துக்குப் பனி. அதை நீ என்னிடம் கொண்டுவந்து காட்டியபோது உன் முகத்தில் சிரிப்பு இல்லை.

“அந்தாளிட்ட நான் கேட்டனான், இதுக்கு எத்தினை தொன் சில்லர் வேணுமெண்டு. மனுசன் என்னைப் பாத்து முழிக்குது. பிறகு சொல்லுது, ஒண்டும் வேண்டாம், அது தானா விழும் எண்டு.”

“அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானய்யா.”

“எனக்கும் தெரியும். ஆனா யோசிச்சுப் பாரும். நான் ரெண்டு வருசமா ஒவ்வொரு நாளும் ஸ்னோ செய்யிறன். பைப் அடைச்சால் திருத்திறன், வெப்பம் ஒரு பொயிண்ட் ஏறினால் ஓடுறன். ஒருத்தரும் செய்யாத ஸ்னோவை ஒருக்காப் பாக்கோணும். அது விழேக்க நான் ஒண்டும் செய்யாமல் சும்மா நிக்கோணும்.”

இதுதான் நீ ஜப்பான் போக விரும்பியதன் காரணம். வேறு எதுவும் இல்லை. தொழிலாளர் கேம்ப்பில் எத்தனையோ பேர் எத்தனையோ கதை கட்டினார்கள். அங்கே பெண் பார்த்திருக்கிறான், கம்பெனி மாறப் போகிறான் என்றெல்லாம். சும்மா நிற்கப் போகிறான் என்று சொன்னால் எவன் நம்புவான்?

ஏனென்றால் இங்கே லீவு என்றால் ஊர்தான். “எங்கே போகிறாய்” என்று எவனும் எவனையும் கேட்பதில்லை, “எப்போ ஊருக்கு” என்றுதான் கேட்பார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு மாதம், அதில் தங்கை கல்யாணம், வீட்டுக்கு ஓடு மாற்றுதல், அப்பாவின் கண் ஆபரேஷன். தனக்கென்று ஒருவன் லீவு எடுத்து வேறொரு நாட்டுக்குப் போவது நம் கேம்ப் வரலாற்றில் கிடையாது. உனக்கோ அந்த வருடம் ஊருக்குப் போகும் பாதை யுத்தத்தால் பூட்டிக் கிடந்தது. கொழும்பில் இருந்த அக்காவோ, “இப்ப இங்க வராத, நிலமை சரியில்லை” என்று போனில் சொல்லிவிட்டார். லீவு கையில் இருந்தது, போக வீடு இல்லை. அப்போதுதான் நீ அந்தக் காலண்டர் படத்தை வெட்டி உன் கட்டிலுக்கு மேல் ஒட்டினாய்.

மேனேஜரிடம் நான்தான் உன்னைக் கூட்டிப் போனேன். அவர் மலையாளி, கோபம் வந்தாலும் சிரிப்பு வந்தாலும் ஹிந்திக்குத் தாவிவிடுவார். “அரே பாய், ஸ்னோ தோ ரோஜ் தேக்தே ஹோ!” என்று விழுந்து விழுந்து சிரித்தார். தினமும்தான் பனியைப் பார்க்கிறாயே, போதாதா என்று. ஆனால் லீவு ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆறே நாள். அதற்கு மேல் கூடாது, சில்லர் பார்க்க ஆள் இல்லை.

அந்த ஆறு நாளைத் திட்டமிட நமக்கு மூன்று வாரம் ஆனது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக எந்த ஃபாரத்தையும் நிரப்பியதில்லை. மதிய இடைவேளையில் நீ சோற்றுப் பொட்டலத்தோடு வந்து என் கம்ப்யூட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொள்வாய். விசாவுக்கு நாள்வாரியாக ஒரு அட்டவணை கேட்டிருந்தார்கள். எந்த நாள், எங்கே தங்கல், என்ன செய்யப் போகிறீர்கள் என்று கட்டம் கட்டமாக. துபாயிலிருந்து விமானம் நேராக ஒசாகாவுக்குப் போகும். அங்கே இரண்டு ராத்திரி. அப்புறம் ரயிலில் ஐந்து மணி நேரம் நகானோ, அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் மலைக்கு.

“ஒசாகாவில எதுக்குய்யா ரெண்டு நாள்? உனக்கு வேண்டியது பனிதானே, நேரா மலைக்குப் போயிடு.”

“நேராப் போனால் மனம் தாங்காது. ரெண்டு நாள் டவுனில நிண்டு பழகோணும். சனம் எப்பிடி நடக்குது, குடை பிடிக்குதோ, பாக்கோணும். கூரை போட்ட ஒரு பெரிய சந்தைத் தெரு இருக்காம். மீன் பாக்கலாம்.”

“ஜப்பான் போயி மீன் பாக்கப் போறியா?”

“பிறகென்ன? சோறும் மீனும் தின்னிற சனம். எங்கட ஆக்கள்தான்.”

மூன்றாம் நாள் ரயில். எந்தப் பக்க ஜன்னலில் மலை தெரியும் என்று அரை மணி நேரம் வரைபடத்தை வைத்துச் சண்டை போட்டோம். நான்காம் நாள் கட்டம் வந்தபோது நான் கையை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு, “நாலாம் நாள் என்ன பண்ணப் போறே?” என்று கேட்டேன்.

“சும்மா நிப்பன்.”

“அதை எழுத முடியாதுய்யா. திருப்பி அனுப்பிட்டாங்கன்னா?”

“அப்ப ஸ்கீ எண்டு போடும்.”

‘ஸ்கீ பயிற்சி’ என்று போட்டேன். ஐந்தாம் நாளுக்கும் அதையே போட்டேன். நீ திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “பொய் எழுதிப்போட்டம். அப்ப பழகத்தான் வேணும்” என்றாய்.

அந்த வெள்ளிக்கிழமையே என்னை இழுத்துக்கொண்டு மாலுக்குப் போனாய். ஊழியர்களின் பின் வாசல் வழியாக அல்ல, டிக்கெட் எடுத்து, முன் வாசல் வழியாக. வாடகைக்கு அவர்கள் கொடுத்த சிவப்பு உடையில் நீ வேறு ஆளாகத் தெரிந்தாய். கூரையில் ஓடும் ஒவ்வொரு பைப்பையும் உனக்குத் தெரியும். எந்த மூலையில் குளிர் குறையும் என்று தெரியும். காலில் பலகையைக் கட்டியதும் அந்த அறிவெல்லாம் ஒன்றுக்கும் உதவவில்லை. நாலு அடி போவதற்குள் பொத்தென்று உட்கார்ந்தாய். சின்னச் சின்ன அரபுப் பிள்ளைகள் உன்னைச் சுற்றி வளைந்து வளைந்து போயின. நீ உட்கார்ந்த இடத்திலேயே, கையில் கொஞ்சம் பனியை அள்ளி, நசுக்கிப் பார்த்து, “ஈரம் கூடிப்போச்சு. நாளைக்கு வந்து பாக்கோணும்” என்றாய். லீவு நாளிலும் வேலை உன்னை விடவில்லை. அன்றைக்குத்தான் இந்தக் கையுறைகளை வாங்கினாய். ரூமில் வைத்தால் பையன்கள் எடுத்துவிடுவார்கள் என்று என் இழுப்பறையில் கொண்டுவந்து வைத்தாய்.

இனிமேல் எழுதப்போவதை நீ உட்கார்ந்துகொண்டு கேள்.

விசாவுக்கு எல்லாம் தயார். மிச்சம் இருந்தது கம்பெனிக் கடிதம் ஒன்றுதான். இன்னார் எங்களிடம் வேலை செய்கிறார், விடுமுறையில் செல்கிறார், திரும்ப வந்து வேலையில் சேர்வார் என்று ஒரே பக்கம். அதை டைப் அடிப்பது என் வேலை. ஜனவரி மாதம், வியாழக்கிழமை, அரை நாள் டூட்டி. அடுத்த வாரம் எனக்கும் லீவு, தங்கை கல்யாணம். என் கடிதத்தையும் உன் கடிதத்தையும் ஒரே மூச்சில் அடித்தேன். கம்ப்யூட்டரில் ஒரு மாதிரிக் கடிதம் உண்டு, எத்தனையோ வருடமாக அதே கடிதம்தான். பெயரை மாற்றுவேன், பாஸ்போர்ட் நம்பரை மாற்றுவேன், அச்சடிப்பேன். மேனேஜர் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். முத்திரை குத்திக் கவரில் போட்டு ஒட்டினேன்.

நீ கவரைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றாய். “ஐசே, ஒருக்கா வாசிச்சுப் பாக்கட்டோ?” என்று கேட்டாய்.

நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? “ஏன், என் இங்கிலீஷ் மேல நம்பிக்கை இல்லையா? எத்தனை பேரை ஊருக்கு அனுப்பின கை தெரியுமா இது? போய்யா, யல்லா, பஸ் போயிடும்” என்றேன். நீ சிரித்துக்கொண்டே கவரை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போனாய்.

எட்டாம் நாள் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. விசா இல்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு சின்ன ஊதா முத்திரை மட்டும். காரணம் சொல்ல மாட்டார்கள், ஆறு மாதத்துக்கு இதே காரியமாக மறுபடி கேட்கவும் கூடாது என்று ஒரு துண்டுக் காகிதம். ஆறு மாதம் கழித்து ஆகஸ்ட். ஆகஸ்டில் ஏது பனி?

நான் அன்று சாயங்காலம் ஊருக்குக் கிளம்ப வேண்டும். தெருமுனை கஃபடேரியாவில் உட்கார்ந்து பாலில்லாத சுலைமானி டீ குடித்தோம். நீ பாஸ்போர்ட்டைத் திறந்து உன் பெயர் இருக்கும் பக்கத்தை எனக்குக் காட்டினாய். விரலால் ஒரு வரியைத் தொட்டாய்.

“இதுதான் ஐசே. பிறந்த இடம் யாழ்ப்பாணம். பாத்த உடனே பயந்திட்டினம் போல. எங்கட பாஸ்போர்ட் உதவாது. அவையிலயும் பிழை சொல்ல ஏலாது, எங்கட நிலமை அப்பிடி.”

“அதெல்லாம் இல்லடா. அவனுங்க யாருக்குமே சுலபத்துல கொடுக்கறதில்ல” என்றேன். அந்த நிமிஷம் எனக்கு உண்மையிலேயே வேறு ஒன்றும் தெரியாது. அதை மட்டும் நம்பு. நாம் இருவரும் சேர்ந்து அந்த விசாக்காரர்களைத் திட்டினோம். நீ பாதி திட்டியதும் நிறுத்திவிட்டாய். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “அந்த ஹோட்டல்காரருக்கு வரேல்ல எண்டு எழுதிவிடும்” என்றாய். எழுதினேன். மன்னிப்புக் கேட்டு அவர்கள் பதில் போட்டார்கள். அடுத்த குளிர்காலத்தில் உங்களுக்காகக் காத்திருப்போம் என்று.

உன் பாஸ்போர்ட்டை லாக்கரில் வைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பலாம் என்று ஆபீஸுக்கு ஓடினேன். பாஸ்போர்ட் உள்ளே போனால் கடித நகல் ஃபைலுக்குள் போக வேண்டும், அது வழக்கம். நகலை எடுத்தேன். கண் தானாக அந்த வரியில் போய் நின்றது.

‘மேற்படியார் முப்பது நாள் வருடாந்திர விடுமுறையில் தம் தாய்நாட்டுக்கு, கொழும்புக்கு, செல்கிறார்.’

இங்கிலீஷில் இருந்ததை உனக்காகத் தமிழில் எழுதியிருக்கிறேன். கொழும்பு என்று இருந்தது. மாதிரிக் கடிதத்தில் திருச்சி என்று இருக்கும். நீ இலங்கைக்காரன் ஆயிற்றே என்று, ரொம்பக் கவனமாக, திருச்சியை அழித்துவிட்டுக் கொழும்பு என்று நான் அடித்திருக்கிறேன். அந்த வரியைப் பார்க்காமல் விட்டேன் என்று சொல்லித் தப்பிக்கக்கூட எனக்கு வழி இல்லை. அதில் கை வைத்திருக்கிறேன். திருத்தியிருக்கிறேன். லீவு என்றால் ஊர் என்று பழகிப்போன கை, மூன்று வாரம் ஒசாகா, நகானோ என்று உன்னோடு உட்கார்ந்து அடித்த அதே கை, உன்னைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டது. அட்டவணையில் ஜப்பான், ஆறு நாள். கம்பெனிக் கடிதத்தில் கொழும்பு, முப்பது நாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எவன் விசா கொடுப்பான்? அதற்கு மேல் எவனும் உன் பிறந்த ஊரைப் பார்த்திருக்க மாட்டான்.

வாசலில் ஏர்போர்ட் வண்டி ஹாரன் அடித்தது. நகலை ஃபைலுக்குள் செருகிவிட்டுப் போய்விட்டேன்.

கல்யாணத்தில் பந்தி பரிமாறும்போதெல்லாம், திரும்பிப் போனதும் முதல் வேலையாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். திரும்பி வந்தேன். நீ என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்யாண முறுக்கு எங்கே என்று கேட்டாய். அப்போது சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் நீ அந்தக் கதையை கேம்ப் முழுக்கச் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்திருந்தாய். பையன்கள் ஓமான் பக்கம் வண்டியில் போகலாம் என்று கூப்பிட்டால், “என்ர பாஸ்போர்ட்டோட வராதேங்கோ, உங்களையும் மறிச்சுப்போடுவினம்” என்பாய். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது அருவருப்பாக இருக்கிறது.

கட்டிலுக்கு மேல் இருந்த படத்தை நீ எடுத்துவிட்டாய். எப்போது எடுத்தாய் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் வந்தபோது நான்கு மூலையிலும் செலோடேப் மட்டும் இருந்தது.

மே மாதம் சவூதியின் அல் கோபாரிலிருந்து உன் பழைய ஃபோர்மேன் கூப்பிட்டார். பெரிய குளிர்பதனக் கிடங்கு, இங்கே கிடைப்பதைவிட நல்ல வேலை, உன் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன், பேப்பரை மட்டும் அனுப்பு என்றார். நீ அனுப்பவில்லை. ஏன் என்று நான் கேட்டேன். “சும்மா ஏன் ஐசே, அவரும் என்னாலை வெக்கப்படோணும். இன்னுமொருக்கா இல்லை எண்டு கேக்க எனக்கு ஏலாது” என்றாய். நீ சிரிக்காமல் சொன்னாய். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நாம் இருவர் மட்டும்தான் இருந்தோம், கதவும் சாத்தியிருந்தது. வாயைத் திறந்தேன். “டீ சொல்லட்டுமா?” என்று கேட்டேன்.

என் கணக்கு வேறாக இருந்தது. அடுத்த குளிர்காலம் வரட்டும், சரியான கடிதம் கொடுப்போம், விசா வந்துவிடும், நீ போய்ப் பனியைப் பார்த்துவிட்டு வருவாய், அப்புறம் ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று. ஆகஸ்டில் ஆறு மாதம் முடிந்த அன்றே புதிதாக ஒரு கடிதம் அடித்தேன். மாதிரிக் கடிதத்தைத் தொடவில்லை, வெற்றுத் தாளில் முதல் எழுத்திலிருந்து அடித்தேன். ‘ஜப்பானில் ஒசாகா, நகானோ ஆகிய இடங்களுக்கு ஆறு நாள் சுற்றுலாவாகச் செல்கிறார்.’ ஏழு தடவை படித்தேன். தேதி போடாமல், கையெழுத்து வாங்காமல், கையுறைகளுக்கு அடியில் வைத்தேன். உன்னிடம் அதையும் சொல்லவில்லை.

செப்டம்பரில் ஒரு காலை டூட்டி முடித்து ரூமுக்கு வந்தாய், குளித்தாய், ஃபேனைப் போட்டுக்கொண்டு படுத்தாய். மதியச் சாப்பாட்டுக்கு எழுப்பினார்கள், எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். முப்பத்தொன்பது வயது.

அப்புறம் நடந்ததெல்லாம் என் மேசை வழியாகத்தான் நடந்தது. போலீஸ் பேப்பர், ஆஸ்பத்திரி பேப்பர், விசா கேன்சல். லாக்கரைத் திறந்து உன் பாஸ்போர்ட்டை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் அந்த ஊதா முத்திரை. விமானக் கம்பெனிக்குக் கம்பெனிக் கடிதம் வேண்டும் என்றார்கள். உட்கார்ந்து அடித்தேன். செல்லும் இடம் என்று வந்ததும் விரல் நின்றுவிட்டது. தாய்நாடு, கொழும்பு. இந்தத் தடவை அது சரி. இந்தத் தடவை ஒரு பிழையும் இல்லை. மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். மேனேஜர் வந்து முதுகில் தட்டிக்கொண்டே நின்றார். நண்பனுக்காக அழுகிறேன் என்று அவர் நினைத்திருப்பார்.

உன் அக்கா போனில் அழவில்லை. உன் துணிப்பெட்டி வந்து சேர்ந்த பிறகு ஒரு நாள் கூப்பிட்டார். பெட்டிக்குள் ஒரு படம் இருக்கிறது, பனி கொட்டின ஒரு கிராமம், அது எந்த இடம் தம்பி என்று கேட்டார். ஜப்பான் என்றேன். “ஓ, அதுவோ. அவன் ஒருநாள் சொன்னவன், என்ர பாஸ்போர்ட் உதவாது அக்கா, என்னை ஒருத்தரும் எடுக்கமாட்டினம் எண்டு. அதுக்குப் பிறகு அவன் ஒண்டும் கேக்கேல்லை” என்றார். நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, ஆமாம் அக்கா, ஆமாம் அக்கா என்றேன்.

இரண்டு வருடம் ஓடிவிட்டது. எவனுக்குக் கடிதம் அடித்தாலும் கவரை ஒட்டாமல் கையில் கொடுத்து, எனக்கு முன்னால் வாசிக்கச் சொல்கிறேன். வாசிக்கத் தெரியாதவனுக்கு நானே சத்தமாக வாசித்துக் காட்டுகிறேன். ‘எங்கே போறேன்னு எனக்குத் தெரியாதா, அண்ணே’ என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என்னால் அதற்கு மேல் செய்ய முடிந்தது ஒன்றும் இல்லை.

இன்று காலை இழுப்பறையைக் காலி செய்தபோது கையுறைகளும் அந்தக் கடிதமும் சேர்ந்து வந்தன. கொழும்புக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், திருச்சியை அழித்துக் கொழும்பு என்று அடித்தது வரைக்கும். ‘வாசிக்கட்டோ’ என்று நீ கேட்டதையும், நான் விரட்டியதையும் சொன்னேன். அங்கே யாரோ தெருவில் எதையோ கூவி விற்றுக்கொண்டு போனது கேட்டது.

“அப்ப அவன்ர பாஸ்போர்ட்டில ஒண்டும் இல்லையோ?”

“இல்லக்கா. ஒண்ணுமே இல்ல.”

“அதை அவனிட்டச் சொல்லியிருக்கலாமே, தம்பி.”

திட்டியிருந்தால் பரவாயில்லை. அவர் திட்டவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள், கவனமாக ஊருக்குப் போ என்று சொல்லிவிட்டு வைத்தார்.

பெட்டி கட்டியாகிவிட்டது. கையுறைகளை என் சட்டைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன், நூலை அறுக்கவில்லை. கையெழுத்தில்லாத அந்தக் கடிதத்தை மடித்து என் பாஸ்போர்ட்டுக்குள் வைத்திருக்கிறேன். அறந்தாங்கியில் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன் என்று தெரியவில்லை. ஆனால் விட்டுவிட்டுப் போக மனம் இல்லை.

அக்கா சொன்னதை இப்போது செய்கிறேன். கேட்பதற்கு நீ இல்லை என்று தெரிந்தும் சொல்கிறேன். உன் பாஸ்போர்ட் நல்ல பாஸ்போர்ட். உன் ஊர்ப் பெயரைப் பார்த்து எவனும் பயப்படவில்லை. உன்னை வேண்டாம் என்று எவனும் சொல்லவில்லை ஐசே. நீ ஜப்பானுக்குப் போகிறாய் என்று நான் அவர்களிடம் சொல்லவே இல்லை.